25 லிட்டர் வோர்ட் தளதளவெனக் கொதிக்கவில்லை: எங்கே கோளாறு?

கேள்வி:

வணக்கம். 35 லிட்டர் கொள்ளும் எவர்சில்வர் கலத்தில், 240 வோல்ட்டுக்கு 2000 வாட் என்று குறித்திருக்கும் எலிமென்டை (மின் சூடேற்றியை) வைத்து வீட்டிலேயே பியர் காய்ச்சுகிறேன். பில்ஸ்னர் மால்ட்டை (முளைகட்டி உலர்த்திய வெளிர்நிற பார்லியை) ஊறவைத்து வடித்த 25 லிட்டர் வோர்ட், அதாவது இன்னும் நொதிக்காத இனிப்புச் சாறு, மூடியிருக்கும்போது நன்றாகவே கொதிக்கிறது. மூடியை எடுத்துவிட்டால் கலத்தின் ஓரத்தில் மட்டும் குமிழிகள் வருகின்றன; நடுப்பகுதி லேசாக அசைவதோடு சரி. ஹாப்ஸ் பூக்களின் கசப்பு சரியாக இறங்காமல் போகுமோ, வெந்த மக்காச்சோள வாடை பியரில் தங்கிவிடுமோ என்று கவலையாக இருக்கிறது. மூடியைப் போட்டே கொதிக்க விடலாமா, அல்லது இன்னும் பெரிய எலிமென்ட் வாங்கித்தான் ஆக வேண்டுமா?

முதல் பதில்:

எதையும் வாங்குவதற்கு முன் அளந்து பாருங்கள். கொதி வலுவாக இருக்கிறதா என்பதைக் கண்ணால் பார்த்து முடிவு செய்வதைவிட, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு நீர் ஆவியாகிறது என்பதைக் கொண்டு முடிவு செய்வதே நம்பகமானது. வெறும் தண்ணீர் 25 லிட்டரை மூடியில்லாமல் ஒரு மணி நேரம் கொதிக்க வைத்து, ஆறிய பிறகு குறைந்த அளவைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கொதிநிலையில் உள்ள ஒரு கிலோ நீரை ஆவியாக்க ஏறத்தாழ 2257 கிலோஜூல் வெப்பம் வேண்டும். 2000 வாட் முழுவதும் ஆவியாக்கத்துக்கே போனால் மணிக்குச் சுமார் 3.2 லிட்டர் குறைய வேண்டும். கலத்தின் சுவர் வழியாக வெளியேறும் வெப்பத்தைக் கழித்தால், 2 லிட்டர் அளவில் குறைந்தாலே உங்கள் அமைப்பு சரியாக வேலை செய்கிறது என்று கொள்ளலாம். அது 25 லிட்டரில் 8 விழுக்காடு. வீட்டுக் காய்ச்சலுக்குத் தாராளமாகப் போதும்.

கசப்பைப் பற்றிய கவலை வேண்டாம். ஹாப்ஸில் உள்ள ஆல்ஃபா அமிலங்கள் கசப்புப் பொருளாக உருமாறுவது பெரும்பாலும் வெப்பநிலையைப் பொறுத்ததே தவிர, குமிழிகளின் ஆர்ப்பாட்டத்தைப் பொறுத்ததன்று. 90 டிகிரிக்கு இறங்கினால் அந்த வேகம் பாதிக்கும் கீழே போய்விடும். 100 டிகிரியிலேயே மெதுவாகக் கொதித்தால் பெரிய இழப்பு இல்லை.

இரண்டாவது பதில்:

உங்கள் கலத்தில் வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவி இருந்தால் அதையும் கவனியுங்கள். 100 டிகிரி என்று அமைத்திருந்தால், அடியில் உள்ள உணரி சற்றே கூடுதலாகக் காட்டியதும் எலிமென்ட் நின்று, பிறகு மீண்டும் எரியும். கொதி விட்டுவிட்டு வருவதற்கு இதுவே காரணமாக இருப்பதுண்டு. கருவி இடங்கொடுத்தால் 103 அல்லது 104 என்று வைத்துப் பாருங்கள். எலிமென்டின் மேல் புரதமும் சர்க்கரையும் தீய்ந்து படிந்திருந்தால், அதிவெப்பத் துண்டிப்பும் இதே போல இடையிடையே நிறுத்திவிடும்.

மூன்றாவது பதில்:

மூடியைப் போட்டே கொதிக்க விடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். முழுமையாக மூடுவதை நான் உறுதியாக மறுப்பேன், அதுவும் பில்ஸ்னர் மால்ட் என்னும்போது. நீங்கள் சொன்ன மக்காச்சோள வாடைக்குக் காரணமான டைமெத்தில் சல்ஃபைடு, மால்ட்டில் உள்ள முன்பொருள் ஒன்று சூட்டில் சிதைவதால் உருவாகிறது. 100 டிகிரியில் அந்த முன்பொருள் ஏறத்தாழ 40 நிமிடங்களுக்கு ஒருமுறை பாதியாகக் குறைகிறது. ஆகவே 60 நிமிடக் கொதிக்குப் பின்னும் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமாக எஞ்சியிருக்கும். 90 நிமிடங்கள் கொதித்தால் ஐந்தில் ஒரு பங்கு அளவுக்கு இறங்கிவிடும். உருவான வாயு நீராவியோடு வெளியேற வழி வேண்டும். மூடியில் படிந்து சொட்டும் நீர் அதைத் திரும்பக் கலத்துக்குள்ளேயே சேர்த்துவிடும்.

கொதி வரும் வரை மூடியிருக்கலாம். ஆனால் முதல் நுரை எழும்பும் நேரத்தில் பக்கத்திலேயே நில்லுங்கள். மூடிய கலம் நொடியில் பொங்கி வழியும். பிறகும் கொதி தளர்ந்தால், பாதி வாய் திறந்திருக்கும்படி மூடியை ஒருக்களித்து வைத்து, கடைசி அரை மணி நேரம் முழுமையாகத் திறந்துவிடுங்கள்.

கேள்வி கேட்டவர்:

அனைவருக்கும் நன்றி. தண்ணீரை வைத்துச் சோதித்ததில் மணிக்கு 1.5 லிட்டர்தான் குறைந்தது. கட்டுப்பாட்டுக் கருவி இடையில் நிற்கவில்லை. எலிமென்டும் சுத்தமாகவே இருக்கிறது. இணைப்பு நீட்டிப்பு ஒயர் வழியாகத்தான் வருகிறது. தொட்டால் ஒயர் சூடாக இருக்கிறது. எலிமென்ட் ஓடும்போது மின்பணியாளரைக் கொண்டு அளந்ததில், ஒயரின் முனையில் 208 வோல்ட்டும் சுவர் சாக்கெட்டில் 222 வோல்ட்டும் காட்டின.

முதல் பதிலளித்தவர்:

விடை அந்த எண்களிலேயே இருக்கிறது. எலிமென்டின் திறன் வோல்டேஜின் இருமடிக்கு ஏற்பக் குறையும் என்பதால், 208 வோல்ட்டில் உங்களுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 1500 வாட் மட்டுமே. ஒயரை விலக்கிச் சுவரில் நேரடியாக இணைத்தால் 1700 வாட்டைத் தாண்டும். சூடாகும் ஒயர் தீ விபத்துக்கு வழி என்பதால், கொதி எப்படியிருந்தாலும் இனி அதைப் பயன்படுத்தவே கூடாது. மின்கசிவுத் துண்டிப்பான் உள்ள இணைப்பாக இருப்பதும் கட்டாயம்.

அடுத்து, கலத்தின் பக்கச் சுவரைச் சுற்றி வெப்பம் தாங்கும் காப்புறை ஒன்றைக் கட்டுங்கள். எரிவாயு அடுப்பாக இருந்தால் இதைச் சொல்ல மாட்டேன். மின் எலிமென்ட் என்பதால், இணைப்புப் பகுதியை மட்டும் மூடாமல் விட்டால் தடையில்லை. இவை இரண்டையும் செய்தால் 2 லிட்டரை எட்ட வாய்ப்பு அதிகம். அதற்கும் எட்டாவிட்டால் 20 லிட்டராகக் குறைத்துக் காய்ச்சுங்கள். எலிமென்டை மாற்றுவதென்றால், உங்கள் வீட்டு ஒயரிங் எவ்வளவு ஆம்பியர் தாங்கும் என்பதை மின்பணியாளரிடம் முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

கேள்வி கேட்டவர்:

நேரடி இணைப்பிலும் காப்புறையிலும் மீண்டும் சோதித்தேன். மணிக்கு 2 லிட்டருக்குச் சற்று மேல் குறைகிறது. மூடியில்லாமலே நடுப்பகுதி புரண்டு கொதிக்கிறது. பில்ஸ்னர் மால்ட்டுக்கு 90 நிமிடங்கள் என்று வைத்துக்கொள்கிறேன்.

மூன்றாவது பதிலளித்தவர்:

மகிழ்ச்சி. 90 நிமிடங்களில் 3 லிட்டருக்கு மேல் குறையும் என்பதால், தொடக்க அளவை அதற்கேற்ப ஏற்றிக்கொள்ளுங்கள். அடுப்பை அணைத்ததும் தாமதிக்காமல் குளிர்வியுங்கள். சூடாகக் கிடக்கும் வோர்ட்டில் அந்த முன்பொருள் தொடர்ந்து சிதையும், ஆனால் வாயுவை வெளியேற்ற அப்போது கொதி இருக்காது.