திருப்புகழுக்கு 7/4: வேலூர் பக்கம் மிருதங்கம் வாசிப்பவர் தேவை

ப்ராக் ராக் (சிக்கலான தாளங்களில் வாசிக்கும் ராக் இசை) பேண்டுக்கு ‘முத்தைத்தரு பத்தித் திருநகை’ திருப்புகழ் தயாராகிறது. வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டைப் பக்கம் மிருதங்கமோ கஞ்சிராவோ வாசிப்பவர் இருந்தால் சொல்லுங்க.

சிக்கல் இதுதான். சந்தம் ‘தத்தத்தன தத்தத் தனதன’. ஒற்றுக்கும் ஓர் எண்ணிக்கை கொடுத்தால் 6+4+4, ஆக 14. உடனே இரண்டு 7/8 (ஏழு ஏழு எண்ணிக்கையாக இரண்டு சுற்று) போடத்தான் டிரம்மருக்குக் கை வரும். போட்டால் இரண்டாம் சுற்று தொடங்கும் எட்டாவது தட்டு ‘பத்தி’யின் ஒற்றில் விழுந்து சொல் உடையும். 3+2+2 எனப் பிரித்த 7/4தான் (ஒரு தட்டுக்கு இரண்டு எண்ணிக்கை, ஏழு தட்டு ஒரு சுற்று) சரியாக உட்காரும். மூன்று சுற்று முடிந்ததும் தொங்கல் (கடைசியில் வரும் சிறு துண்டு) ‘எனவோதும்’ 6. அந்தச் சுற்றின் மீதி 8 கிட்டாருக்கு. பாடகர் தொங்கலை இழுத்தால் கிட்டார் பதிலுக்கு இடமே இருக்காது.

கிட்டாரில் ஒற்று வரும் இடமெல்லாம் பாம் மியூட் (உள்ளங்கையால் கம்பியை அமுக்கி ஒலியை அடக்குவது). டிஸ்டார்ஷனைக் கூட்டினால் ‘முத்’ ‘மு’வாகக் கேட்கும்.

ராகம் சண்முகப்பிரியா, சுருதி ஈ. பவர் கார்டு (ஒரு சுரமும் அதன் ஐந்தாம் சுரமும் சேர்ந்தது) ச, க, ப, த நான்கில்தான் ராகத்துக்குள் நிற்கிறது. ரி, ம, நி மூன்றிலும் ஐந்தாம் சுரம் வெளியே போய்விடுகிறது. அங்கே ஒற்றைச் சுரமா, ஈ டிரோனா (ஈ-யைத் தொடர்ந்து ஒலிக்க விடுவது)? பழைய பாடமுறை தெரிந்தவர்கள் கருத்துச் சொல்லுங்க.

வாசிக்க வருபவர்கள் நிமிடத்துக்கு 132 தட்டு வேகத்தில், 3+2+2 கிளிக்குக்கு (மெட்ரோனோம் ஒலி) எட்டு சுற்று போனில் பதிந்து இன்பாக்ஸில் அனுப்பினால் போதும். தீர்மானம் (முடிப்புச் சொற்கட்டு) வேண்டாம், நடை மட்டும்.