பாரிடோனாகத் தொடங்கிய லௌரிட்ஸ் மெல்கியோர் வாக்னர் டெனராக உலக அரங்குகளை எட்டியது எப்படி?

கேள்வி:

அனைவருக்கும் வணக்கம். சில வாரங்களாக, 1935-இல் வியன்னாவில் பதிவான, ஜெர்மானிய இசையமைப்பாளர் வாக்னரின் ‘வால்கூரெ’ இசை நாடகத்தின் முதல் அங்கத்தைத் திரும்பத் திரும்பக் கேட்டு வருகிறேன். புரூனோ வால்டர் இசைக்குழுவை நடத்த, சீக்லிண்டேயாக லோட்டே லேமனும் சீக்முண்டாக டென்மார்க்கைச் சேர்ந்த லௌரிட்ஸ் மெல்கியோரும் பாடிய பதிவு அது. ஆயுதமின்றிப் பகைவன் வீட்டில் சிக்கிக்கொண்ட சீக்முண்ட், தன் தந்தையை ‘வெல்ஸே’ என்று இருமுறை அழைக்கும் இடத்தில் மெல்கியோரின் குரல் நீண்டு நிற்கிறது. நடுக்கமோ தளர்ச்சியோ இல்லாத அந்த நீட்சியைக் கேட்கும்போதெல்லாம் நான் என் மூச்சை அடக்கிக்கொள்கிறேன்.

இவர் 1913-இல் கோபன்ஹேகன் ராயல் தியேட்டரில் அரங்கேறியபோது டெனர் (ஆண்களின் உயர்ந்த குரல்) அல்லர், பாரிடோன் (அதற்குக் கீழான ஆண் குரல்) என்று அண்மையில் படித்தேன். கீழ்த்தளக் குரலாகப் பயின்ற ஒருவரால் இத்தனை வலுவான டெனராக மாற முடிந்தது எவ்வாறு? சிறிய நாடொன்றின் அரங்கிலிருந்து லண்டன், வாக்னர் விழா நடக்கும் ஜெர்மானிய நகரான பைராய்ட், நியூயார்க் என்று அவர் சென்ற வழி எத்தகையது? அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாவேன்.

பதில் 1:

தங்கள் முதல் கேள்விக்கு மட்டும் என்னால் விடை கூற இயலும். வாக்னரின் வீரநாயகப் பாத்திரங்களுக்கு உரிய குரலை ஜெர்மானியர் ‘ஹெல்டன்டெனர்’ என்பர். இத்தாலிய டெனர்களுக்குரிய மேல்ஸ்தாயிப் பளபளப்பைக் காட்டிலும், இடைஸ்தாயியில் கனமும் பெரிய இசைக்குழுவை மீறி ஒலிக்கும் திறமும்தான் இக்குரலுக்கு முதலில் வேண்டியவை. சீக்முண்டின் பாத்திரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள்: அதன் பெரும்பகுதி பாரிடோன் ஒருவர் இயல்பாகப் புழங்கும் பரப்பில்தான் அமைந்துள்ளது. தாங்கள் குறிப்பிட்ட ‘வெல்ஸே’ அழைப்புகூட டெனருக்கு எட்டாத உயரத்தில் இல்லை. அங்கே கடினமானது உயரமன்று; அந்த ஒலியை முழு நிறத்தோடு தாங்கி நிறுத்துவதே கடினம். பாரிடோனாகக் கழித்த ஆண்டுகள் மெல்கியோருக்கு அளித்தது இந்த அடித்தளத்தைத்தான் என்பது என் உறுதியான கருத்து.

மாற்றத்துக்கு வழிகாட்டியவர் அமெரிக்கப் பாடகி மேடம் சார்ல்ஸ் காஹியர். வெர்டியின் ‘இல் திரோவதோரே’யில் மெல்கியோர் பாரிடோன் பாத்திரமான டி லூனாவைப் பாடியபோது உடன் பாடிய அவர், இக்குரல் உண்மையில் டெனருக்குரியது என்று கண்டுகொண்டு வலியுறுத்தினார். அதன்பின் மெல்கியோர், முந்தைய தலைமுறையின் புகழ்பெற்ற டேனிஷ் டெனரான வில்ஹெல்ம் ஹெரால்டிடம் பயின்று, 1918 அக்டோபரில் அதே ராயல் தியேட்டரில் வாக்னரின் நாயகனான டான்ஹாய்சராக இரண்டாம் முறை அரங்கேறினார்.

இப்பாதையில் டென்மார்க்கிலிருந்து சென்றவர் அவர் ஒருவரே அல்லர். இசையமைப்பாளர் குஸ்டாவ் மாலர் தலைமையேற்றிருந்த காலத்து வியன்னா அரங்கில் முதன்மை வாக்னர் டெனராக விளங்கிய எரிக் ஷ்மெடெஸும் பாரிடோனாகத் தொடங்கியவரே. நம் காலத்தில், 1990-களில் பைராய்டில் சீக்முண்டாகப் பாடிய போல் எல்மிங்கும் அவ்வாறே.

பதில் 2:

மேலே எழுதிய நண்பரின் விளக்கத்தோடு எனக்கு உடன்பாடே. ஆயினும் மெல்கியோரின் உலகப் புகழைக் குரலின் அமைப்பைக் கொண்டு மட்டும் விளக்கினால், அவர் காத்திருந்து கற்ற ஆண்டுகள் மறைந்துவிடும். என்னைப் பொறுத்தவரை அவருடைய வாழ்வில் மிகவும் மதிக்கத்தக்கவை அந்த ஆண்டுகளே.

1918-இல் டெனராக அரங்கேறியவர் லண்டன் கோவென்ட் கார்டனில் சீக்முண்டாக நின்றது 1924 மே மாதத்தில். இடைப்பட்ட காலத்தில் 1920-இல் லண்டன் கச்சேரி ஒன்றில் அவர் பாடியதைக் கேட்ட ஆங்கில நாவலாசிரியர் ஹ்யூ வால்போல் அவருடைய நண்பராகி, பயிற்சிக்குப் பொருளுதவியும் செய்தார். லண்டனில் விக்டர் பைகலிடமும், பின்னர் மாலர் காலத்து வியன்னாவின் பெரும் பாடகியான அன்னா பார்-மில்டன்புர்கிடமும் அவர் பயின்றார். உலகப் போரால் நின்றுபோய்ப் பத்தாண்டுகள் மூடியிருந்த பைராய்ட் விழா 1924 கோடையில் மீண்டும் திறந்தபோது, அங்கே பார்சிஃபாலாகவும் சீக்முண்டாகவும் அவர் பாடினார். ஜெர்மானியரின் இசைக் கோயில் எனத்தக்க அரங்கில், பெருநாயகப் பாத்திரங்கள் முப்பத்துநான்கு வயது டேனிஷ்காரர் ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டன என்பது சிறிய செய்தியன்று.

நியூயார்க்கில் அவருக்கு வரவேற்பு உடனே கிட்டவில்லை. 1926 பிப்ரவரி 17 அன்று மெட்ரோபாலிட்டன் ஓப்பெராவில் (சுருக்கமாக ‘மெட்’) டான்ஹாய்சராக அவர் அறிமுகமானது பகல் காட்சியில். அதே நாள் மாலையில் மேரியன் டாலி என்ற மிக இளம் அமெரிக்கப் பாடகியின் அரங்கேற்றம் நிகழவிருந்ததால் ஊரின் கவனமெல்லாம் அந்தப் பக்கம் திரும்பியிருந்தது. மெல்கியோர் இதனால் மனம் சோர்ந்து ஒதுங்கிவிடாமல், ஹாம்பர்க் அரங்கில் சேர்ந்து தன் பாத்திரங்களை மேடையிலேயே பதப்படுத்திக்கொண்டார். 1929-இல் மெட்டில் டிரிஸ்டனாக நின்றபோதுதான் நியூயார்க் அவரை முழுமையாக ஏற்றுக்கொண்டது. 1935-இல் நார்வேயின் பாடகி கிர்ஸ்டன் ஃபிளாக்ஸ்டாட் வந்து சேர, பொருளாதார மந்தத்தில் தத்தளித்த அந்த அரங்கில் இவ்விருவரும் பாடிய ‘டிரிஸ்டனும் இஸோல்டேயும்’ இருக்கைகளை நிரப்பிற்று. தம் வாழ்நாளில் டிரிஸ்டனை இருநூறு முறைக்கு மேல் பாடியவர் அவர்; அது எத்தகைய உழைப்பு என்பதை அந்த மூன்றாம் அங்கத்தை ஒருமுறை முழுதும் கேட்டவர் உணர்வர்.

குறையையும் சொல்ல வேண்டும். தாளக் கணக்கில் அவர் அடிக்கடி இடறுவார். வானொலி ஒலிபரப்புகளிலிருந்து கிடைத்துள்ள பதிவுகளில் இதை வெளிப்படையாகவே கேட்கலாம்.

கேள்வி கேட்டவர்:

இருவருக்கும் மனமார்ந்த நன்றி. டான்ஹாய்சரின் பகல் காட்சியைப் பற்றி நான் அறிந்திருக்கவில்லை. இத்தகைய பாடகர் 1950-இல் மெட்டை விட்டு விலக நேர்ந்தது ஏன்? திரைப்படங்களில் நடித்ததால் குரல் தளர்ந்துவிட்டதா?

பதில் 3:

குரல் தளர்ந்தது காரணமன்று என்றே நான் கருதுகிறேன். 1940-களின் நடுவிலிருந்து அவர் எம்ஜிஎம் நிறுவனத்தின் இசைப் படங்களிலும் வானொலி நிகழ்ச்சிகளிலும் தோன்றினார். ஓப்பெரா அரங்கின் வாயிலையே மிதித்திராத எளிய மக்களும் அவ்வாறுதான் அவரை அறிந்துகொண்டனர். ஆனால் 1950-இல் மெட்டின் பொறுப்பை ஏற்கவிருந்த ருடால்ஃப் பிங், ஒத்திகைக்கும் மேடை ஒழுங்குக்கும் முதலிடம் தருபவர். மெல்கியோரோ ஒத்திகைகளில் அக்கறை குறைந்தவர் என்று பெயர் பெற்றிருந்தார். ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. 1950 பிப்ரவரி 2 அன்று லோஹென்கிரினாக அங்கே கடைசி முறை பாடினார். மெட்டில் ஐந்நூறுக்கும் மேற்பட்ட முறை மேடையேறிய அவர், அங்கே ஏற்ற ஓப்பெராப் பாத்திரங்கள் அனைத்தும் வாக்னருடையவையே.

குரலைப் பற்றிய தங்கள் ஐயத்துக்கு விடை ஒரு பதிவிலேயே இருக்கிறது. பத்தாண்டுகள் கழித்து, 1960-இல், எழுபதாம் பிறந்தநாளையொட்டிக் கோபன்ஹேகனில் டேனிஷ் வானொலி இசைக்குழுவோடு தாங்கள் கேட்டுவரும் அதே முதல் அங்கத்தில் சீக்முண்டை அவர் மீண்டும் பாடினார். வியன்னாப் பதிவை அடுத்து அதைக் கேளுங்கள். ‘வெல்ஸே’ வரும் இடத்தில் குரலின் ஓரங்கள் சற்றுக் கரடுமுரடாகிவிட்டன. ஆனால் ஒலி கீழிறங்காமல் நிற்கிறது.