சாதாரண தர மீட்டல்: வினாத்தாளா, குறிப்பா?

கேள்வி (சுன்னாகத்திலிருந்து ஒரு தாய்): க.பொ.த. (கல்விப் பொதுத் தராதரப் பத்திர) சாதாரண தரப் பரீட்சை எழுதவுள்ள என் மகள், பாடசாலை முடிந்ததும் ரியூசனுக்குச் சென்று, இரவில் குறிப்புகளையே திரும்பத் திரும்ப வாசிக்கிறாள். ஆனால் மறுநாள் கேட்டால் பாதி மறந்துவிடுகிறது. ஒன்பது பாடங்களையும் எவ்வாறு மீட்டிப் படிக்கலாம்?

பதில் (ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர், கோப்பாய்): அம்மா, வாசிப்பது அறிந்ததைப் போன்ற மயக்கத்தைத் தரும், கொப்பியை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதும்போதுதான் எது தெரியாதென்று புலப்படும். விஞ்ஞானத்தின் முதற்பகுதியில் ஒரு மணித்தியாலத்தில் 40 பல்தேர்வு வினாக்கள், அதாவது ஒன்றுக்கு ஒன்றரை நிமிடமே. ஆகவே கடந்தகால வினாத்தாளொன்றை மணிக்கூட்டை வைத்துச் செய்வித்து, புள்ளித்திட்டத்துடன் ஒப்பிட்டு, பிழைத்தவற்றை மட்டும் தனிக் கொப்பியில் எழுதச் செய்யுங்கள். அக்கொப்பியை மறுநாளும், ஒரு வாரத்தின் பின்னரும் மீண்டும் பார்க்கட்டும்.

பதில் (முன்னைய மாணவி): ஆசிரியர் கூறியது கணிதத்துக்கும் பொருந்தும். வரலாற்றுக்கு நான் தங்கைக்குக் கதைபோலச் சொல்லிக் கொடுத்தேன். அவள் கேட்ட குறுக்குக் கேள்விகளே எனக்குப் பயன்பட்டன.

கேள்வி கேட்டவர்: நன்றி ஐயா. ஞாயிறு ரியூசனில் ஒன்றை நிறுத்தி, அந்நேரத்தில் வினாத்தாள் செய்விக்கிறேன்.