டெங்கு என்எஸ்1 எலைசா: பிளேட் மூன்றாம் வாரத்தில் சோர்கிறது, லோ பாசிட்டிவ் தப்புகிறது

பொருநை:
வணக்கம். டெங்கு என்எஸ்1-க்கு (வைரஸிலிருந்து ரத்தத்தில் வரும் புரதம்) எங்கள் லேபிலேயே ஒரு சாண்ட்விச் எலைசா (அந்தப் புரதத்தை இரண்டு ஆன்டிபாடிக்கு நடுவில் பிடித்து நிறத்தால் காட்டும் சோதனை) உருவாக்கி வருகிறேன். முனைவர் பட்ட வேலை. என்எஸ்1-ஐப் பிடிக்கும் கேப்சர் ஆன்டிபாடியை 0.05 மோலார் கார்பனேட் பஃபரில், பிஎச் 9.6-ல், இரவு முழுக்க 4 டிகிரியில் கோட் செய்கிறேன். மறுநாள் மீதி இடங்களை மூட 1% பிஎஸ்ஏ (மாட்டு சீரம் ஆல்புமின்) பிளாக்கிங். டிடெக்டர் ஆன்டிபாடியில் எச்ஆர்பி என்சைம் (இந்த இணைப்புதான் கான்ஜுகேட்). கடைசியில் நிறம் தரும் டிஎம்பி, அமிலம் விட்டு 450 நானோமீட்டரில் ரீடிங் (ஓடி, அதாவது நிற அடர்த்தி).

இரண்டு தொல்லை. பிளாக் செய்த பிளேட்டைத் தட்டிக் காயவைத்து, அலுமினியத் தாளில் சுற்றி ஃபிரிட்ஜில் வைத்தால் முதல் வாரம் நன்றாக இருக்கிறது. மூன்றாம் வாரம் ஓடி இறங்கிவிடுகிறது. என்எஸ்1 இல்லாத பிளாங்க்கும் ஒரு நாள் 0.09, இன்னொரு நாள் 0.20 என்று ஆடுகிறது. இரண்டாவது, ஆர்டி-பிசிஆரில் பாசிட்டிவ் வந்த சில சீரம் எங்களிடம் நெகட்டிவ். கான்ஜுகேட்டை இரண்டு மடங்காக்கலாமா என்று லேபில் ஒரு பேச்சு ஓடுகிறது. செய்யலாமா?

வைகை_பயோ:
பயோட்டின்–ஸ்ட்ரெப்டாவிடின் முறைக்கு மாறுங்கள். ஒரு ஆன்டிபாடியில் பல பயோட்டின் ஒட்டும், அதனால் கூடுதல் எச்ஆர்பி வந்து சேரும். சிக்னல் நன்றாக ஏறும். பிளாங்க் ஆடுவதற்கு, வாஷரின் ஊசித் துளை ஏதாவது அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள்.

கலம்96:
தம்பி, கான்ஜுகேட்டை இப்போதைக்குத் தொடாதீங்க. கிட் தயாரிப்பில் பல வருடம் இருந்தவன் நான். சென்சிடிவிட்டி போதவில்லை என்று வரும் புகார்களில், சிக்னல் குறைவாக இருந்ததைவிட பிளாங்க் ஆடியதுதான் அதிகம்.

கணக்குப் போட்டுப் பாருங்க. பிளாங்க் சராசரி 0.15, எஸ்டி (திட்ட விலக்கம்) 0.04 என்று வைத்துக்கொள்வோம். சராசரியோடு 1.645 மடங்கு எஸ்டியைக் கூட்டினால் பிளாங்க்கின் மேல் வரம்பு, அதாவது சுமார் 0.216. உங்க லோ பாசிட்டிவ் (என்எஸ்1 கொஞ்சமே இருக்கும் சீரம்) 0.18 என்றால் அது பிளாங்க்குக்குள்ளேயே மறைந்துவிடும். கான்ஜுகேட்டை இரட்டித்து எல்லாமே இரட்டித்தால் பிளாங்க் 0.30, எஸ்டி 0.08, வரம்பு 0.43, லோ பாசிட்டிவ் 0.36. மறுபடியும் நெகட்டிவ்தான். அதற்குப் பதிலாக பிளாங்க்கை 0.07-க்கு இறக்கி, எஸ்டியை 0.01-க்குள் பிடித்தால் வரம்பு சுமார் 0.086. பின்னணி குறைந்த அளவுக்கு லோ பாசிட்டிவும் 0.10-க்கு இறங்கும். ஆனாலும் அது பாசிட்டிவ். ஓடி குறைந்து சென்சிடிவிட்டி கூடுகிற இந்த இடத்தைத்தான் பலரும் நம்ப மறுக்கிறார்கள்.

வைகை சொன்ன பயோட்டின் முறை நல்ல முறைதான். ஆனால் சுத்தமான பின்னணி இல்லாமல் அதைப் போட்டால் பின்னணியும் சேர்ந்தே ஏறும். இன்னொன்று, சீரமும் எல்லா ரீஏஜென்ட்டும் ஒரே சமயத்தில் சேர்கிற ஒரு-படி முறையாக அமைத்துவிடாதீங்க. முடிக்கும் நகத்துக்கும் என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்களின் சீரத்தில் இருக்கும் பயோட்டின், ஸ்ட்ரெப்டாவிடினைப் பிடித்துக்கொண்டு பாசிட்டிவையே நெகட்டிவாகக் காட்டும். அமெரிக்க எஃப்டிஏ 2017-ல் இதற்காகவே எச்சரிக்கை விட்டது. நடுவில் வாஷ் இருந்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் இல்லை.

பின்னணியைக் குறைக்க, கேப்சரை ஒரு பக்கமும் கான்ஜுகேட்டை ஒரு பக்கமும் படிப்படியாக நீர்த்து செக்கர்போர்டு போடுங்க. அதிக ஓடி தரும் கட்டத்தைத் தேர்ந்தெடுக்காதீங்க. லோ பாசிட்டிவை பிளாங்க்கால் வகுத்து, அந்த விகிதம் அதிகமாக வரும் கட்டத்தை எடுங்க. நான் பார்த்தவரை அது நீங்கள் நினைப்பதைவிட நீர்த்த கான்ஜுகேட்டில்தான் இருக்கும். பிஎஸ்ஏ-க்குப் பக்கத்திலேயே கேசீனையும் போட்டு ஒப்பிடுங்க. வாஷ் பஃபரில் 0.05% ட்வீன்-20 இருக்கட்டும், ஒவ்வொரு சுற்றிலும் அரை நிமிடம் ஊறட்டும். எச்ஆர்பி தொடும் எந்தப் பஃபரிலும் சோடியம் அசைடு கூடாது, அது அந்த என்சைமையே முடக்கும். கெடாமல் இருக்க ஏதாவது வேண்டுமென்றால் புரோக்ளின் 300 போடுங்க.

பிளாங்க்கை எந்த வெல்லில் வைக்கிறீங்க? ஓரத்திலா? 96 வெல்லில் 36 ஓரத்தில் இருக்கிறது. ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த குளிர்ந்த பிளேட்டில் அவைதான் முதலில் சூடேறும், முதலில் ஆவியாகும். பிளேட்டும் ரீஏஜென்ட்டும் அறை வெப்பத்துக்கு வந்த பிறகு தொடங்குங்க. இன்குபேட்டரில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்காதீங்க, மேலே சீலர் ஒட்டுங்க. பிளாங்க்கை நடுவிலும் ஓரத்திலும் கலந்து வையுங்க. இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்தால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிடும்.

இனி பிளேட் சோர்வது. தட்டி எடுத்த பிளேட் உலர்ந்த பிளேட் ஆகாது. வெல்லின் அடியில் மெல்லிய ஈரப்படலம் இருக்கும். அதில் புரதம் மெதுவாக மடிப்பு அவிழ்ந்து செயலிழக்கும். சும்மா சுற்றிய அலுமினியத் தாள் ஈரத்தைத் தடுக்காது. பிளாக்கிங் முடிந்ததும் 5% ட்ரெஹலோஸ் அல்லது சுக்ரோஸ், கூடவே 1% பிஎஸ்ஏ கலந்த பஃபரை ஊற்றி அரை மணி நேரம் விட்டு உறிஞ்சி எடுங்க. அப்புறம் ஈரப்பதம் குறைந்த இடத்தில் முழுக்க உலர்த்துங்க. நீர் போன இடத்தில் இந்தச் சர்க்கரை புரதத்தோடு ஹைட்ரஜன் பிணைப்பு போட்டு அதன் வடிவத்தைக் காக்கும். உலர்ந்ததும் சிலிக்கா ஜெல் பையோடு, சூட்டில் ஒட்டும் ஃபாயில் பவுச்சில் அடைத்து 2–8 டிகிரியில் வையுங்க. பவுச் அறை வெப்பத்துக்கு வராமல் பிரிக்கவே கூடாது. ஐப்பசி மழையில் குளிர்ந்த பிளேட்டை வெளியே எடுத்துப் பாருங்க, வெல்லெல்லாம் பனி பூத்திருக்கும்; அதோடு உலர்த்திய பலன் போயிற்று.

ஆனால் சோர்வது பிளேட்தான் என்று எப்படித் தெரியும்? கான்ஜுகேட்டை நீர்த்து வைத்துப் பல நாள் பயன்படுத்துகிறீங்களா? பழைய பிளேட்டில் புதுக் கான்ஜுகேட், புதுப் பிளேட்டில் பழைய கான்ஜுகேட் என்று ஒரே நாளில் மாற்றி மாற்றிப் போடுங்க. சோதனைக்கு லோ பாசிட்டிவ் சீரமே வேண்டும். ஹை பாசிட்டிவ் தன் உச்சத்தில் நின்றுகொண்டிருக்கும். கேப்சரில் நல்ல பங்கு கெட்டுப்போனாலும் அது காட்டிக்கொடுக்காது. ஸ்டெபிலிட்டி அறிக்கையில் ஹை பாசிட்டிவை மட்டும் வைத்து "நிலையாக இருக்கிறது" என்று எழுதுவதைப் பார்த்தால் எனக்கு ஆத்திரம் வரும். காய்ச்சலில் இருக்கிற ஒருவருடைய ரிப்போர்ட் அது.

செல்வி_லேப்:
கலம்96 சார் சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் தம்பி, உங்க இரண்டாவது தொல்லை பிளேட்டில் இல்லாமலும் இருக்கலாம். தப்பிப்போன சீரம் காய்ச்சலின் எத்தனையாவது நாளில் எடுத்தது? என்எஸ்1 முதல் நாளிலிருந்தே வரும் என்பது சரிதான். ஆனால் முன்பே ஒரு தடவை டெங்கு வந்து போனவர்களுக்கு ஐஜிஜி ஆன்டிபாடி சீக்கிரமே எகிறி, என்எஸ்1-ஐச் சூழ்ந்து பிடித்துக்கொள்ளும். உங்க கேப்சர் ஆன்டிபாடிக்கு ஒட்ட இடமே கிடைக்காது. நம்ம ஊர்களில் அப்படிப்பட்டவர்கள்தானே அதிகம்? அந்தச் சீரங்களில் ஐஜிஜி பாருங்க. ஐந்து நாளுக்குள் எடுத்ததற்கு என்எஸ்1, அதற்குப் பிறகு ஐஜிஎம் (புதுத் தொற்றில் வரும் ஆன்டிபாடி) என்பது சும்மா வைத்த விதி இல்லை. சென்டினல் (நோய்க் கண்காணிப்பு) ஆஸ்பத்திரிகளுக்கு புனே என்ஐவி-யிலிருந்து (தேசிய வைராலஜி நிறுவனம்) ஐஜிஎம் கிட்டும் வருகிறது.

சீரத்தை எத்தனை தடவை உருக்கி உறையவைத்தீங்க என்பதையும் பாருங்க. சிறு சிறு குப்பிகளாகப் பிரித்து வைத்தால் இந்தக் கேள்வியே வராது. ஹீமோலைஸ் ஆன (சிவப்பணு உடைந்த) சீரத்தை வேலிடேஷனில் சேர்க்காதீங்க. ஹீமோகுளோபினும் பெராக்சிடேஸ் மாதிரி டிஎம்பி-யை நீலமாக்கும்.

பொருநை:
நன்றி சார், நன்றி அக்கா. மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தேன். இரண்டுமே இறங்கியிருக்கிறது, ஆனால் நீர்த்து வைத்த கான்ஜுகேட்தான் அதிகம். இனி அன்றன்றைக்கு நீர்த்துக்கொள்கிறேன். தப்பிய சீரங்களில் பெரும்பாலானவற்றில் ஐஜிஜி மிக அதிகம். அமில கிளைசினில் ஊறவைத்து அந்தப் பிணைப்பை உடைக்கலாம் என்று படித்தேன். செய்யலாமா?

கலம்96:
செய்யலாம். பிஎச் 3-க்குக் கீழே கிளைசின், பிறகு ட்ரிஸ் விட்டு நடுநிலைக்குக் கொண்டுவர வேண்டும். ஆனால் என்எஸ்1 ரத்தத்தில் ஆறு அலகு சேர்ந்த வடிவில் இருப்பது. அமிலத்தில் அது உடையலாம், உங்க மோனோகுளோனல் ஆன்டிபாடிக்கு அந்த உடைந்த வடிவம் பிடிக்காமலும் போகலாம். அதனால் ஸ்டாண்டர்டு, லோ பாசிட்டிவ், பிளாங்க் எல்லாவற்றையும் அதே அமிலத்தில் போட்டு எடுத்து, போடாததோடு பக்கத்தில் வைத்துப் பாருங்க. நீர்த்துப்போன அளவைக் கணக்கில் சேர்க்க மறந்துடாதீங்க.