நிலாப் படம் மங்கல்: குற்றவாளி காற்றா, கருவியா?

பிறைப்பித்தன்:
என் தொலைநோக்கி 8 அங்குல நியூட்டோனியன் (ஆடி வகை), எஃப்/6 (குவியத் தூரம் ஆடியின் விட்டத்தைப்போல் ஆறு மடங்கு), கையால் தள்ளும் டாப்சோனியன் தாங்கி. 2 மடங்கு பார்லோ (குவியத் தூரத்தை இரட்டிக்கும் வில்லை), 2.9 மைக்ரான் பிக்சல் கேமரா. நேற்று 2000 ஃபிரேம் எடுத்து, நல்லதாக 200 பொறுக்கி ஒரே படமாக அடுக்கினேன். நிலாவில் பிளேட்டோ என்ற பெரும் பள்ளத்தின் தரையில் இருக்கும் குட்டிப் பள்ளங்களில் ஒன்றுகூடத் தெரியவில்லை. எங்கே தப்பு?

இரவாடி:
காற்றுதான், வேறென்ன. நிலா 30 பாகை உயரத்தில் இருந்தால் தலைக்கு மேல் இருப்பதைப்போல் இரு மடங்கு காற்றைக் கடந்து பார்க்கிறீர்கள். பார்லோவைக் கழற்றிவிட்டு நல்ல இரவுக்குக் காத்திருங்கள்.

ஆடிக்காரர்:
காற்று வந்து மறுத்துப் பேசாது என்பதால் எல்லாப் பழியும் அதன் மேல்! பார்லோ ஏன் கழற்ற வேண்டும்? எஃப் எண், மைக்ரானில் பிக்சல் அளவைப்போல் ஐந்து மடங்கு என்பது வழக்கமான கணக்கு. 14.5 வருகிறது, அவர் பார்லோவோடும் எஃப்/12-இல்தான் இருக்கிறார். முதலில் காலிமேஷனை, அதாவது ஆடிகள் நேராக அமைந்திருக்கின்றனவா என்பதைப் பாருங்கள். ஒரு விண்மீனைக் குவியம் தப்ப வைத்தால் வளையங்கள் ஒரே மையத்தில் இருக்கின்றனவா?

பிறைப்பித்தன்:
இருக்கின்றன. நிலா 55 பாகைக்கு மேல்.

இரவாடி:
சரி, வீட்டுக்குள்ளிருந்து எடுத்துவந்த உடனே படம் பிடித்தீர்களா? ஆடியின் சூடு ஆறாவிட்டால் குழாய்க்குள்ளேயே காற்று கொதிக்கும்.

பிறைப்பித்தன்:
ஒன்றரை மணி நேரம் வெளியே வைத்திருந்தேன்.

ஆடிக்காரர்:
அப்படியென்றால் அடுக்கிய படத்தை விடுங்கள், தனி ஃபிரேம்களைப் பாருங்கள். காற்று என்றால் ஒன்றில் இடப்பக்கம் தெளியும், அடுத்ததில் வலப்பக்கம். எல்லாவற்றிலும் ஒரே மாதிரி மங்கல் என்றால் காற்றை மட்டும் சொல்ல முடியாது.

பிறைப்பித்தன்:
எல்லாவற்றிலும் நிலா நகரும் திசையிலேயே இழுத்துவிட்ட மாதிரி இருக்கிறது. நாய்ஸ் (படத்தில் புள்ளி புள்ளியான இரைச்சல்) வரக்கூடாதென்று கேமராவின் கெயினை (சிக்னலைப் பெருக்கும் அளவை) குறைத்து, ஃபிரேமுக்கு 1/20 நொடி வைத்தேன்.

ஆடிக்காரர்:
அட, இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே! பின்தொடரும் மோட்டார் இல்லாமல் நிலா நொடிக்குச் சுமார் 15 விகலை (ஒரு விகலை என்பது பாகையில் 3600-இல் ஒரு பங்கு) ஓடுகிறது. 1/20 நொடியில் 0.7 விகலை, உங்கள் அமைப்பில் ஏறக்குறைய மூன்று பிக்சல். 1/150 வையுங்கள், கெயினைத் தாராளமாக ஏற்றுங்கள். 200 ஃபிரேம் அடுக்கினால் நாய்ஸ் 14-இல் ஒரு பங்காகிவிடும்.

இரவாடி:
1/20 நொடியில் காற்றின் நடுக்கமும்தான் கலங்கிப் பதியும். நான் சொன்னது முழுக்கப் பொய்யில்லை.

ஆடிக்காரர்:
கால்வாசி உண்மை.

பிறைப்பித்தன்:
இன்றிரவு 1/150. பிளேட்டோவில் வெயில் ஏறி நிழல் குட்டையாகியிருக்கும், அதனால் கோப்பர்நிக்கஸ் பள்ளத்தைப் பிடித்துப் பார்க்கிறேன்.