"புரிஞ்சுது டீச்சர்" என்கிறார்கள், பேப்பரில் வேறு மாதிரி இருக்கிறது

கணக்கு டீச்சர்:
அரசுப் பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். டெஸ்டுக்கு முன்னால் "புரிஞ்சுதா" என்று கேட்டால் மொத்த வகுப்பும் தலையாட்டும். திருத்த உட்கார்ந்தால் −3² க்கு பாதிப் பேர் −9 என்பதற்குப் பதில் 9 என்று போட்டிருக்கிறார்கள். முந்தின நாள்தான் போர்டில் அதே கணக்கு! தனக்குப் புரியவில்லை என்பதே அவர்களுக்குத் தெரியவில்லை. ஆசிரியர் பயிற்சியில் மெட்டாகாக்னிஷன் (தனக்கு என்ன புரிந்தது, என்ன புரியவில்லை என்று தானே கவனிப்பது) என்று ஸ்லைடு போட்டு, டீ கொடுத்து அனுப்பிவிட்டார்கள். வகுப்பில் எப்படித்தான் செய்வது?

சாக்பீஸ்:
முதலில் அந்த "புரிஞ்சுதா"வை விடுங்கள், அதற்கு "இல்லை" என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நான் செய்வது இதுதான்: எழுதிய பேப்பரை என்னிடம் கொடுப்பதற்கு முன், எத்தனை மார்க் வரும் என்று ஓரத்தில் எழுதச் சொல்வேன். இருபதுக்குப் பதினெட்டு என்று எழுதிய பையன் கையில் ஒன்பது வந்தால், நான் ஒன்றும் பேச வேண்டாம், அவனே எங்கே போச்சு என்று தேடுவான். ஏன் தப்பாச்சு என்பதையும் எழுதச் சொல்லுங்கள், "கவனக்குறைவு" என்று மட்டும் எழுத விடாதீர்கள். "மைனஸுக்கும் வர்க்கம் எடுத்துட்டேன், அடைப்புக்குறி இல்லைன்னு பார்க்கலை" என்கிற அளவுக்கு எழுத வேண்டும்.

பழைய எச்.எம்.:
மேலே சொன்னது சரி. 2006-ல் ரோடிகர், கார்ப்பிக் என்ற உளவியல் ஆய்வாளர்கள் இருவரும் கல்லூரி மாணவர்களிடம் செய்த சோதனை ஒன்று உண்டு. ஒரு பாடத்தைத் திரும்பத் திரும்ப வாசித்தவர்கள், கொஞ்ச நேரம் வாசித்துவிட்டு மூடிவைத்துத் திரும்பத் திரும்ப எழுதிப் பார்த்தவர்கள் என்று பிரித்தார்கள். நன்றாக ஞாபகம் இருக்கும் என்று அதிகம் நம்பியது வாசித்த கூட்டம்தான், ஆனால் ஒரு வாரம் கழித்து அவர்களுக்கு ஞாபகம் இருந்தது 40 சதவீதம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. நம் பிள்ளைகள் விடிய விடியப் படித்துவிட்டு "எல்லாம் தெரியும்" என்பதும் இதே கதைதான். தலைமையாசிரியர்களுக்கு ஒன்று, இதற்கென்று தனி பீரியடும் புது ரெஜிஸ்டரும் தொடங்கினால் ரெஜிஸ்டர் மட்டும்தான் நிரம்பும் (நானே ஒன்று தொடங்கினேன், பீரோவில் கிடக்கிறது). பாடத்துக்குள்ளேயே நடக்கட்டும்.

சாக்பீஸ்:
இன்னொன்று விட்டுப்போச்சு. போர்டில் கணக்கை மளமளவென்று ஒரே மூச்சில் போட்டுக் காட்டாதீர்கள். "இரு, இந்த 2 யாருக்குச் சொந்தம், 3-க்கா, −3-க்கா?" என்று வாய்விட்டு யோசித்துக்கொண்டே போடுங்கள்.

கணக்கு டீச்சர்:
வெள்ளிக்கிழமை ஸ்லிப் டெஸ்ட் இருக்கிறது சார், மார்க் எழுதச் சொல்லிப் பார்க்கிறேன். எல்லாரும் இருபது என்று எழுதினால் திரும்ப இங்கேதான் வருவேன்.