படுக்கையில் இருக்கும் அப்பா, பார்த்துக்கொள்ள நான் ஒருத்திதான். வெளியில் என்ன உதவி கிடைக்கும்?

கரந்தைக்காரி:
வணக்கம். அப்பாவுக்கு 78 வயது. போன தீபாவளிக்கு முன்னால் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் குழறல்தான். ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, இனி பிசியோதெரபியும் கவனிப்பும்தான் என்று வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். அந்தக் கவனிப்பை யார் செய்வது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. அம்மாவுக்கு முட்டி வலி, அவர் எழுந்து நடப்பதே பெரும்பாடு. அண்ணன் துபாயில். நான் வேலையை விட்டுவிட்டு வந்திருக்கிறேன். ஏஜென்சி மூலம் ஆள் வைத்தோம், வந்த அம்மா சில நாள் இருந்துவிட்டுச் சொல்லாமல் நின்றுவிட்டார், கொடுத்த அட்வான்ஸும் அவ்வளவுதான். அப்பாவுக்கு ஓய்வூதியம் வருகிறது, அதனால் பணம் பிரச்சினை இல்லை. தூக்கம் இல்லை, அதுதான் பிரச்சினை. பேங்குக்குப் போனால் வரிசையில் நிற்கும்போதே வீட்டிலிருந்து போன் வருகிறது. முதியோர் இல்லத்தில் சேர்க்கச் சொல்லாதீர்கள், அது நடக்காது. வீட்டில் வைத்துப் பார்ப்பவர்களுக்கு அரசு மூலமோ வேறு வழியிலோ என்ன இருக்கிறது?

ஊசிமருந்து:
சகோதரி, முதலில் உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள், டவுனுக்குள் என்றால் நகர்ப்புற சுகாதார நிலையம். 'மக்களைத் தேடி மருத்துவம்' என்றால் பிபி, சுகர் மாத்திரையை வீட்டில் கொண்டுவந்து கொடுப்பது என்றுதான் பலர் நினைக்கிறார்கள். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியபோதே வீட்டுக்கு வந்து பிசியோதெரபி கொடுப்பதும், வலியையும் வேதனையையும் குறைக்கும் நோய்த்தணிப்புச் சிகிச்சையும் (palliative care) அந்தத் திட்டத்தில் உண்டு. நோய்த்தணிப்பு என்றதும் கேன்சர் கடைசிக் கட்டத்துக்குத்தான் என்று பயந்து வேண்டாம் என்பார்கள். அப்படி இல்லை, பக்கவாதத்தில் படுத்தவர்களும் அதில் வருவார்கள்.

டிஸ்சார்ஜ் சம்மரி, ஆதார் இரண்டின் நகலையும் எடுத்துக்கொண்டு போய், "படுத்த படுக்கையாக இருக்கிறார், நர்ஸும் பிசியோவும் வீட்டுக்கு வர வேண்டும்" என்று சொல்லிப் பெயரைப் பதிந்துவிட்டு வாருங்கள். தெருவுக்கு வரும் பெண் சுகாதாரத் தன்னார்வலரின் போன் நம்பரையும் வாங்கிக்கொள்ளுங்கள், நடைமுறையில் வேலை நகர்வது அவர் மூலம்தான்.

இன்னொன்று. அப்பாவின் முதுகுத்தண்டு முடிகிற இடம், இடுப்பின் இரு பக்கம், குதிகால், இவற்றைத் தினமும் குளிப்பாட்டும்போது பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்திவிட்டு எடுத்தால் வெளுத்துவிட்டு மறுபடி சிவக்க வேண்டும். வெளுக்கவே இல்லை என்றால் புண் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அந்த இடத்தில் எண்ணெய் போட்டுத் தேய்க்காதீர்கள். ஏர் பெட் போட்டிருந்தாலும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்கத்தான் வேண்டும். தனியாகத் திருப்புகிறீர்கள் என்றால் கையைப் பிடித்து இழுக்க வேண்டாம், அதுவும் விழுந்த பக்கத்துக் கையை இழுக்கவே கூடாது, தோள் நழுவும். பழைய பருத்திப் புடவையை நாலாக மடித்து முதுகிலிருந்து தொடை வரைக்கும் அடியில் போட்டுவிட்டு, புடவையைப் பிடித்துத் திருப்புங்கள்.

நெல்லைச்சீமை:
திட்டம் எல்லாம் சரிதான். எங்கள் ஊரில் என் மாமியாருக்குப் பதிந்துவிட்டு வந்தோம், பிசியோ ஒருமுறை வந்து காலை எப்படி மடக்க வேண்டும் என்று காட்டிவிட்டுப் போனார், அப்புறம் நாங்கள்தான் செய்துகொண்டிருக்கிறோம். அவரைக் குறை சொல்லவில்லை, அந்த வட்டாரம் முழுக்க அவர் ஒருவர்தான் போக வேண்டும். அதனால் அவர் வரும் அன்றைக்கு வீட்டில் யார் யார் இருக்கிறார்களோ எல்லோரும் நின்று கற்றுக்கொள்ளுங்கள், போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். தினமும் ஆள் வருவார்கள் என்று நம்பி உட்காராதீர்கள்.

வருடாந்திர வேலை ஒன்றைக் குறைக்கலாம். ஓய்வூதியத்துக்கான உயிர்வாழ் சான்றுக்கு அப்பாவை ஆட்டோவில் தூக்கிப்போட்டுக்கொண்டு அலைய வேண்டாம், தபால்காரர் வீட்டுக்கே வந்து விரல்ரேகை வைத்து எடுத்துக் கொடுப்பார், கட்டணம் 70 ரூபாய்.

பட்டயக்கணக்கு:
ஒருவரும் கேட்காததை நான் கேட்கிறேன். அண்ணன் என்ன செய்கிறார்? பணம் அனுப்புகிறார் என்றால் எவ்வளவு, எதற்கு? 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தில் மகன், மகள் இருவருக்கும் பொறுப்பு உண்டு. கோட்டாட்சியரிடம் மனு போட்டால் மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகைக்கு உத்தரவு போட முடியும், அங்கே வக்கீல் வைக்க வேண்டியதில்லை. நீங்கள் அதுவரை போக வேண்டும் என்று சொல்லவில்லை, போனால் குடும்பம் இரண்டாகிவிடும். ஆனால் "நீ ஊரில்தானே இருக்கிறாய், பார்த்துக்கொள்" என்று ஒரு பெண்ணின் தலையில் மொத்தத்தையும் கட்டிவிட்டு வீடியோ காலில் நலம் விசாரிக்கும் அண்ணன்மார்களை நிறையப் பார்த்துவிட்டேன். அவர் வருடாந்திர லீவுக்கு வருவார் இல்லையா, அந்த நாட்களில் அப்பா அவர் பொறுப்பு. நீங்கள் அந்த வீட்டிலேயே இருக்காதீர்கள், தோழி வீட்டுக்கோ எங்கோ கிளம்பிவிடுங்கள். கூடவே இருந்தால் ராத்திரி உங்களைத்தான் எழுப்புவார்கள்.

பாலக்காட்டுத்தமிழ்:
நான் தமிழ்தான், பாலக்காட்டில் செட்டில். இங்கே இந்த நோய்த்தணிப்புச் சேவை கொஞ்சம் வேறு மாதிரி. 1993-இல் கோழிக்கோட்டில் டாக்டர் ராஜகோபால், டாக்டர் சுரேஷ்குமார் போன்றவர்கள் ஆரம்பித்தது, பிறகு ஊர்க்காரர்களே தன்னார்வலர்களாகச் சேர்ந்து வாரத்தில் இரண்டு மணி நேரமாவது படுக்கையில் இருப்பவர் வீட்டுக்குப் போவது என்று வளர்ந்தது. 2008-இல் மாநில அரசே இதற்கென்று கொள்கை கொண்டுவந்தது. இப்போது பஞ்சாயத்து நர்ஸ் வீட்டுக்கு வந்து டியூப் மாற்றி, புண்ணைப் பார்த்துவிட்டுப் போகிறார். என் மாமனாருக்கு வருகிறவர்களில் ஒரு ரிட்டயர்டு வாத்தியார் உண்டு. வைத்தியம் ஒன்றும் தெரியாது, பேப்பர் படித்துக் காட்டிவிட்டு அரசியல் பேசுவார். அந்த நேரத்தில் என் மனைவி கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவாள்.

கரந்தைக்காரி சொல்வதைப் பார்த்தால் அவருக்கு வேண்டியது இதுதான், நர்ஸ் அல்ல. தெருவில் அப்பாவுக்குப் பழக்கமானவர்கள் இருப்பார்கள். "ஏதாவது உதவி வேண்டுமா" என்று கேட்பவர்களிடம் "ஒன்றும் வேண்டாம்" என்று சொல்லிப் பழகிவிட்டோம். அப்படிச் சொல்லாமல், "புதன்கிழமை சாயங்காலம் நாலு மணியிலிருந்து ஆறு மணி வரை அப்பாவிடம் உட்காருங்கள்" என்று கிழமையும் நேரமும் சொல்லிக் கேளுங்கள்.

நெல்லைச்சீமை:
பாலக்காடு, நீங்கள் சொல்வது கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் ஆண்கள் வந்து உட்கார்ந்தால் அவர்களுக்கும் காபி போட்டுக் கொடுக்க வேண்டியது அந்தப் பெண்தான் :) ஃபிளாஸ்கில் போட்டு வைத்துவிட்டுத் தூங்கப் போங்கள் சகோதரி. அப்புறம் 14567, முதியோர் உதவி எண், காலை 8 முதல் இரவு 8 வரை. உங்கள் மாவட்டத்தில் என்ன கிடைக்கும் என்று கேட்கலாம்.

கரந்தைக்காரி:
எல்லோருக்கும் நன்றி. நாளைக்குச் சுகாதார நிலையத்துக்குப் போகிறேன், அதுவரை அப்பாவிடம் எதிர்வீட்டு மாமாவை உட்காரச் சொல்லியிருக்கிறேன், உடனே சரி என்றுவிட்டார். அண்ணனிடம் பேச வேண்டும், அதை நினைத்தாலே வயிற்றைக் கலக்குகிறது. ஊசிமருந்து மேடம், குதிகாலில் சிவப்பு இருக்கிறது, அழுத்தினால் வெளுக்கிறது. என்ன செய்வது?

ஊசிமருந்து:
வெளுக்கிறதா, நல்லது. கெண்டைக்காலுக்கு அடியில் தலையணை கொடுத்து, குதிகால் மெத்தையில் படாமல் அந்தரத்தில் நிற்கிற மாதிரி வையுங்கள். ரிங் தலையணை வேண்டாம். நாளைக்கு அங்கே போகும்போது அதை போட்டோ எடுத்துக்கொண்டு போய் நர்ஸிடம் காட்டுங்கள்.